நன்றி சொன்ன வாய்

எங்கள் தோட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கோலா கெத்திலிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் என் தம்பிக்குச் சங்கடமாகிவிடுமாம். அவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நாங்கள் விழுங்கியதையெல்லாம் எழுதினால் தனியாக ஒரு புத்தகம் வரும்.

தம்பி கவினை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த நாட்டில் தமிழ் டிவி பார்க்கிறவர்களில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. சாரோங் கட்டி, தலையில் துண்டு சுற்றி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊரையே திட்டித் தீர்க்கும் ‘தோட்டத்தம்மா’ அவன்தான். டிக்டாக்கில் அவன் தும்மினால்கூட லட்சம் பேர் பார்க்கிறார்கள். கோலா கெத்தில் பாசாரில் நான் கத்தரிக்காய் வாங்கப் போனால், “தோட்டத்தம்மாவோட அக்கா” என்று கடைக்காரர் இரண்டு காய் கூடுதலாகப் போடுவார். அது ஒன்றுதான் அவன் புகழால் எனக்குக் கிடைத்த லாபம்.

அந்தத் தோட்டத்தம்மா எங்கள் அம்மா. துண்டைச் சுற்றும் விதம், பேச ஆரம்பிக்கும் முன் மூக்கை உறிஞ்சுவது, “வந்துட்டாரு தொர” என்று எடுத்த எடுப்பில் ஆளைக் கீழே போடும் தோரணை, எல்லாம் அம்மாவுடையது. அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, “நான் என்னா இவ்ளோ சத்தமாவா கத்துறேன்?” என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. எங்கள் அம்மா மீன்காரரைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், பக்கத்து லைன் கோழியைத் திட்டுவாள். அவர்களையெல்லாம் விட அதிகமாக ஒய்.பி.யைத் திட்டுவாள். ஒய்.பி. என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். கட்சி பார்த்துத் திட்டுகிறவள் இல்லை. முன்பு இருந்தவரையும் திட்டினாள், இப்போது இருப்பவரையும் திட்டினாள், அடுத்து நிற்கப் போகிறவரை முன்கூட்டியே திட்டி வைத்தாள். டிவியில் வரும் அம்மாவோ மீன்காரரையும் கோழியையும் திட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வாள். ஏன்டா என்று ஒரு தடவை கேட்டேன்.

“அது நம்ம காமெடிக்கு செட் ஆவாது கா” என்றான்.

சரி, அது அவன் தொழில், விட்டுவிடலாம். ஆனால் கேட் விஷயத்தை எப்படி விடுவது?

எங்கள் தோட்டத்து இடுகாடு செம்பனை மரங்களுக்குள்ளே இருக்கிறது. ரப்பர் பால்மரம் இருந்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களை அங்கேதான் புதைத்து வருகிறோம். அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, போகும் வழியில் ஓர் இரும்புக் கேட்டைப் போட்டு, பக்கத்தில் காவல் நிற்கும் ஜாகாவுக்கு ஒரு குடிசையும் போட்டது. செம்பனைப் பழம் திருடு போகிறதாம். பழத்தைப் பாதுகாத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் தீபாவளிக்கு முன் கல்லறைக்குப் படைக்கப் போனபோது எங்களையும் நிறுத்தினார்கள். தனியார் நிலம், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. ஒய்.பி.யைப் போய்ப் பார்த்தோம். அது கம்பெனி நிலம், பேசிப் பார்க்கிறேன் என்றார். எதிர்க்கட்சி வேட்பாளர் நேரே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போனார். அந்தப் படத்தில் அவர் மிகவும் வருத்தமாக இருந்தார். கேட் அப்படியே இருந்தது.

அப்புறம் முனியாண்டி அண்ணனின் மனைவி தவறிப்போனார். முனியாண்டி அண்ணன் எங்கள் லைனில் கடைசி வீடு. அவர் மகன் பள்ளிக்கூடம் படிக்கும் வயதிலேயே மோட்டார் விபத்தில் இறந்து, அதே இடுகாட்டில் இருக்கிறான். தன்னையும் பிள்ளைக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அவரை ஏற்றிய வண்டி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றது. ஆண்கள் கெஞ்சினார்கள், மேனேஜரைக் கூப்பிட்டார்கள், யார் யாரிடமோ பேசினார்கள். கடைசியில் வண்டியைத் திருப்பிச் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோய் மின்சுடலையில் எரித்தார்கள். முனியாண்டி அண்ணன் அன்று யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்றிலிருந்து தோட்டத்தில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஆரம்பித்துவிடுவார்கள். “திலகா, ஒன் தம்பிகிட்ட சொன்னியா? அவன் ஒரு வீடியோ போட்டா போதும்லா.” அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஷீலா, “சும்மா இருங்கலா. சிரிக்க வைக்கிற ஆளுக்கு எதுக்கு அரசியலு? அவன் பேச்ச கேட்டு ஓட்டு போடுற அளவுக்கு நம்ம என்னா மக்கா?” என்பாள். இரண்டு பக்கமும் என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். பிரபலமானவன் அவன், பஸ்ஸில் போகிறவள் நான்.

அந்த வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தோம். அம்மாவுக்கு இருந்தது ஒரே கவலை.

“ஒங்க அப்பாவ அங்க தனியா விட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன். என்ன எரிச்சிடாதீங்க. அந்தாளு பக்கத்துல போடுங்க.”

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்க மாட்டாள். கவின் பக்கம்தான் பார்ப்பாள். கவின் கோலாலம்பூரிலிருந்து வாராவாரம் காடியை ஓட்டிக்கொண்டு வருவான். அதில் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு வாய் துடைப்பான், கால் பிடித்துவிடுவான். இடையிடையே நர்சுகள் வந்து அவனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், டிவில என்ன மாரி பேசுறல்ல?”

“ஆமாமா.”

“ஒரு நாளு முழுசா என்ன மாரி பேசுடா.”

அவன் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தான். நான் பின்னாலேயே போனேன். கார் நிறுத்தும் இடத்தில் வைத்துப் பிடித்தேன்.

“அம்மா என்னா கேக்குதுன்னு புரியுதா?”

“புரியுது கா. ஆனா நான் பேசுனா என்னாகும்னு நெனைக்கிற? பாதி பேரு கை தட்டுவான். மறுபாதி என் பேஜ்ல வந்து அம்மாவையும் சேர்த்து இழுத்துத் திட்டுவான். நான் எல்லாருக்கும் பொதுவான ஆளு. ஒரு பக்கம் சாஞ்சிட்டா அப்புறம் மத்த பக்கம் சிரிக்க மாட்டாங்க.”

“சுடுகாட்டுக்கு வழி கேக்குறது எந்த பக்கம்டா? செத்தவங்க எந்த கட்சி?”

“எலக்‌ஷன் வருது கா. இப்ப என்னா சொன்னாலும் அது அரசியல்தான்.”

“எலக்‌ஷன் இல்லாதப்ப கேட்டேன். அமைதியா இருக்குறத எதுக்கு கெளறணும்னு சொன்ன.”

காடிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நின்றான்.

“ரேடியோல தேவன் அண்ணன் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? போன எலக்‌ஷனப்ப ஒரே ஒரு போஸ்ட் போட்டாரு. இப்ப டாக்சி ஓட்டுறாரு. ஷோவ நம்பி என்கூட ஒரு டீமே இருக்கு கா. கேமரா பையன், மேக்கப் போடுற அக்கா. அவங்க வீட்டு அடுப்பயும் நான்தான் யோசிக்கணும்.”

இதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் சுத்தக் கோழையாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவன் சொன்னது எல்லாமே நியாயமாகப் பட்டது. நியாயமாக இருந்துகொண்டே எங்கள் தலையில் கல்லைப் போட்டது.

“கட்சி பேரு சொல்ல வேணாம். ஒய்.பி. பேரு வேணாம். கேட்டு முன்னால நின்னு, எங்க அப்பா உள்ள இருக்காரு, எங்கள விடுங்கன்னு சொல்லு. அவ்ளோதான்.”

“பாக்குறேன் கா” என்றான்.

‘பாக்குறேன்’ என்கிற வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. ஒய்.பி.யும் அதையேதான் சொன்னார்.

தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த சமயத்தில், ஒரு மதியம், அம்மா போய்விட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். வாசலில் கெமாக் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். அழுது முடிந்து ஆட்கள் கொஞ்சம் ஓய்ந்ததும் ஆண்கள் கூடி முணுமுணுவென்று பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வண்டி எங்கே போகும்? கேட்டுக்கா, சுங்கை பட்டாணிக்கா?

கவின் எழுந்து உள்ளே வந்து என்னைப் பார்த்தான். கண் வீங்கியிருந்தது.

“ஒய்.பி.க்கு போன் போடு” என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அம்மா கூடத்தில் படுத்திருக்கும்போது நியாயம் பேச எனக்குத் தெம்பு இல்லை. எனக்கு அம்மா அப்பா பக்கத்தில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கவின் பின்பக்கம் போய்ப் பேசினான். டீத்தண்ணி கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நாளைக்குக் கேட் திறந்திருக்கும். இத்தனை காலம் நாங்கள் நடையாய் நடந்து கிடைக்காதது, ஒரு போனில் கிடைத்துவிட்டது. எனக்கு நிம்மதியும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஒய்.பி.யே மலர்வளையத்தோடு வந்தார். கவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். அவருடன் வந்தவர்கள் நாலாபக்கமும் நின்று படம் எடுத்தார்கள். அம்மா இருந்திருந்தால் மூக்கை உறிஞ்சியிருப்பாள்.

எங்கள் தோட்டத்தில் பெண்களும் இடுகாட்டுக்குப் போவோம். யாரும் தடுத்ததில்லை, தடுக்க வேண்டியதைக் கேட் பார்த்துக்கொண்டது. அன்று கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. ஜாகா அழகேசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். வண்டிக்குப் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது. அம்மாவுக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். கவின் மொட்டை போட்டிருந்தான். படப்பிடிப்பு பாக்கி இருந்தும் அதற்கு அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவன் கொள்ளிக்குடம் உடைத்து முடித்ததும், நானும் மண் தள்ளி, கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னால் நின்ற கூட்டத்தில் பாதியைக் காணவில்லை. காரியம் முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று சுருக்கென்று கோபம் வந்தது.

அவர்கள் போகவில்லை. லாலாங் புல்லுக்குள் அங்கங்கே குனிந்திருந்தார்கள். ஒருவர் மோட்டார் பெட்டியிலிருந்து பாராங் கத்தியை எடுத்து வந்திருந்தார். மற்றவர்கள் வெறும் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கேட் போட்டதிலிருந்து ஆள் கால் படாமல் புல் இடுப்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. முனியாண்டி அண்ணன் ஒரு மேட்டுப் பக்கத்தில் மண்டியிட்டு, புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தன் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். மகனுடையது. அம்மாவின் சாவுக்கு வந்தவர்கள் தங்கள் வீட்டுச் சாவுகளைத் தேடிப் போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் போய்விட்டது. அம்மாவும் இந்த நேரத்தில் கும்பிடுவதை விட்டுவிட்டுப் புல்லைத்தான் பிடுங்கியிருப்பாள்.

மறுநாள் காலையில் எனக்குப் போனில் ஒரு போஸ்ட் வந்தது. பஸ்ஸில் வரும் ஷீலா அனுப்பியிருந்தாள். கவினின் பேஜ். ஒய்.பி. அவன் தோளில் கை போட்டிருக்கும் படம். கீழே, ‘எங்கள் தாயாரின் இறுதிப் பயணத்திற்குப் பாதையைத் திறந்துவிட்ட கம்பெனி நிர்வாகத்திற்கும், அழைத்த உடனே உதவிய ஒய்.பி. அவர்களுக்கும் என் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி’ என்று எழுதியிருந்தான். அதை ஒய்.பி.யின் ஆட்கள் எடுத்து, ‘இடுகாட்டுப் பாதைப் பிரச்சினைக்குத் தீர்வு’ என்று மேலே ஒரு வரி சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். இதயமும் கும்பிடும் கையுமாக ஆயிரக்கணக்கில் விழுந்திருந்தது.

கவின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுக்கொண்டிருந்தான். போனை அவன் முன்னால் நீட்டினேன்.

“இது என்னாடா?”

“நன்றி சொன்னேன் கா.”

“இது அரசியல் இல்லியா?”

“நன்றி சொல்றது மரியாத. இதுல எங்க அரசியல் வந்துச்சு?”

“வழி கேட்டா அரசியல். வழி விட்டான்னு கும்பிடு போட்டா மரியாத. அப்படித்தானே? எலக்‌ஷன் டைம்ல அந்தாளு மூஞ்சிய ஒன் பேஜ்ல போட்டிருக்கியே, அது எந்த பக்கம்? பொதுப் பக்கமா?”

“உதவி செஞ்சாரு கா. செஞ்சவங்களுக்கு ஒரு வார்த்தகூட சொல்லாம வாய மூடிக்கிட்டு இருக்க முடியுமா?”

வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று என்னிடமே கேட்கிறான். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதனால் குரலை உயர்த்தாமல் எழுந்து போய்விட்டேன். அவன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். யாராவது எதையாவது கொடுத்தால் மேடையேறி நன்றி சொல்லியே பழகியவர்கள் நாங்கள். நம்முடையதையே நமக்குக் கொடுத்தாலும் சொல்லுவோம்.

அடக்கம் செய்த மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும். புதைத்த இடத்தில் பால் தெளித்து, பூப் போட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். அது முடியாமல் அடக்கம் முடிந்ததாகக் கணக்கில்லை. சொம்பில் பாலை எடுத்துக்கொண்டு நானும் கவினும் காலையிலேயே கிளம்பினோம்.

கேட் அருகே போனால் எங்களுக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் தோட்டத்து ஆட்கள். எல்லோர் கையிலும் ஏதோ இருந்தது. ஒருவரிடம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பால் பாக்கெட், இன்னொருவரிடம் பிஸ்கட், ஒரு பெண்ணிடம் ஆரஞ்சுத் தண்ணிப் போத்தல். முனியாண்டி அண்ணனும் ஒரு பால் பாக்கெட்டோடு நின்றார். அன்றைக்குத் திறந்த மாதிரி இன்றைக்கும் எங்களுக்குத் திறப்பார்கள், அப்படியே பின்னால் நுழைந்துவிடலாம் என்று வந்திருந்தார்கள். யாரும் அதை வாயால் சொல்லவில்லை. எங்களைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

கேட் பூட்டியிருந்தது.

அழகேசன் குடிசையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் சங்கடம்.

“கா, ஆர்டரு அன்னிக்கு ஒரு நாளுக்குத்தான்.”

“பால் ஊத்தணும்ண்ணே. மூணாவது நாளு.”

“எனக்குத் தெரியுது கா. நானும் தமிழன்தானே. மேனேஜருக்குத் தெரியாதே. யாரும் சொல்லலியே.”

அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. அடக்கத்துக்கு வழி கேட்டோம், கொடுத்தார்கள். அடக்கம் என்றால் பாலும் அதோடு சேர்ந்ததுதான் என்பது எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, கவினுக்கும் தோன்றவில்லை, வாசலில் கூடி யோசனை சொன்ன அத்தனை பெரிய மனிதர்களுக்கும் தோன்றவில்லை.

கவின் போனை எடுத்து ஒய்.பி.க்கு அடித்தான். உதவியாளர்தான் எடுத்தார். கவின் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“ஒய்.பி. யான் ஊரு பக்கம் பிரசாரத்துக்குப் போய்ட்டாரு பிரதர். பாதைதான் தொறந்தாச்சே, நீங்களே நன்றின்னு போட்டீங்களே. செம ரீச் அது. எலக்‌ஷன் முடிஞ்சி வாங்க, உக்காந்து பேசலாம்.”

போன் வைக்கப்பட்டது. கவின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான்.

“வீடியோ எடு” என்றேன். “பூட்டு தெரியுற மாரி நின்னு, இப்ப எடு.”

“கா, இப்பதான் நன்றின்னு போட்டேன். இன்னிக்கு எப்படி மாத்திப் பேசுறது? என்ன என்னா நெனைப்பாங்க?”

“மாத்திப் பேசாத. நடந்தத சொல்லு.”

அவன் போனைத் தூக்கினான். தன் முகம் திரையில் வந்ததும் தானாகவே ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். “வணக்கம் மக்களே” என்றான். அதோடு சரி. போனை இறக்கிவிட்டான். பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அதற்குள் அழகேசன் மேனேஜரைக் கூப்பிட்டு மலாயில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு வந்தார்.

“தம்பி மட்டும் போலாமாம். பத்து நிமிசம். படம் கிடம் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாரு.”

“நான் மவ, அண்ணே” என்றேன்.

“சொன்னேன் கா. டிவில வர்றவரு மட்டும்னு சொல்றாரு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இரும்பை உலுக்கியிருப்பேன். ஆனால் கையில் சொம்பு இருந்தது. பால் சிந்திவிடக் கூடாது. சொம்பைக் கவினிடம் கொடுத்தேன். பூவையும் விளக்கையும் கொடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினான். அழகேசன் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கேட்டைத் திறந்து, அவன் உள்ளே போனதும் உடனே பூட்டினார்.

அப்போதுதான் முனியாண்டி அண்ணன் முன்னால் வந்தார். கம்பி இடுக்கில் கையை விட்டு, பால் பாக்கெட்டை நீட்டினார்.

“தம்பி, எம் பையனுக்கும் கொஞ்சம் ஊத்திட்டு வந்துரு.”

கவின் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான், எல்லோரும் கம்பியை மொய்த்துக்கொண்டார்கள். பால் பாக்கெட், பிஸ்கட், ஆரஞ்சுத் தண்ணி, எல்லாம் இடுக்கு வழியாக உள்ளே போனது. அவன் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. மிச்சத்தைச் சட்டையைத் தூக்கி மடியில் வாங்கிக்கொண்டான். ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எங்க வீட்டுக்காரரு ஒங்க அப்பாவுக்கு மூணு வரிச தள்ளி. எங்க அண்ணன் அந்த ஓரத்துல, கால்வாய் பக்கம். எங்க பெரியப்பா அதுக்குப் பின்னால. அவன் எல்லோருக்கும் தலையாட்டினான். பிறகு சொம்பு தளும்பாமல், மடி அவிழாமல், அரைகுறையாக ஓடினான். செம்பனை மறைக்கும் வரைக்கும் அந்த மொட்டைத் தலை தெரிந்தது.

நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தோட்டத்தம்மா உள்ளே என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அழகேசன் இரண்டு தடவை மணி பார்த்தார்.

அவன் திரும்பி வந்தபோது சொம்பு காலியாக இருந்தது. மடி அப்படியே இருந்தது. ஒரு பாக்கெட்டும் பிரிக்கப்படவில்லை. கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டான். வியர்வையும் கண்ணீரும் கலந்து வழிந்தது.

“அம்மாவுக்கு ஊத்திட்டேன் கா. மத்தவங்கள கண்டுபுடிக்க முடியல. எல்லா மேடும் ஒரே மாரி இருக்கு. எதுலயும் பேரு இல்ல. தப்பான ஆளுக்கு ஊத்திட்டா என்னா பண்றதுன்னு…”

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒவ்வொருவராக வந்து கம்பி இடுக்கில் கை விட்டு, அவரவர் கொடுத்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஆரஞ்சுத் தண்ணி கொடுத்த பெண் போத்தலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். எப்போதும் நான்தான் அவனை விரட்டுவேன். அன்று காலிச் சொம்பை வாங்கக் கையை நீட்டினேன்.

கவின் வெளியே வந்தான். முனியாண்டி அண்ணனின் பாக்கெட் மட்டும் அவன் கையில் மிச்சம் இருந்தது.

“அண்ணே, நாளைக்குப் பேசுறேன். சத்தியமா. இங்கயே வந்து, ஒங்க எல்லாரயும் நிக்க வச்சி, பூட்டக் காட்டி நானே போடுறேன்.”

முனியாண்டி அண்ணன் பாக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது.

“நாளைக்கு வரைக்கும் பால் தாங்காது தம்பி” என்றார்.

குரலில் கோபம்கூட இல்லை. பாக்கெட்டை மோட்டார் ஹாண்டலில் மாட்டிக்கொண்டு, உதைத்து ஸ்டார்ட் செய்து, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அழகேசன் கேட்டைப் பூட்டினார்.